சாத்தக்கூடிய அறை ஒன்று இருக்கிறதா?

கால்நடை மருத்துவரின் பதில்

பாம்பனுக்கு அருகே கடலோரக் கிராமம் ஒன்றிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்; போடவில்லை. ஏழு பக்கக் கடிதம். அதில் இரண்டு பக்கம் கணவரைப் பற்றிய புகார் என்பதால் பூனைகளுக்கு வேண்டியதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகன், 68 வயது மாமியார். மாமியாருக்குச் சென்ற ஆண்டு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்து, இப்போது மதுரையில் கீமோ சிகிச்சை நடக்கிறது; இன்னும் மூன்று தவணை பாக்கி. மூத்த மகள் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. ஐந்து வயது மணியன். தானாக வந்து ஒட்டிக்கொண்டவன். பகலெல்லாம் மீன் வாடியில் திரிந்துவிட்டு, இரவில் மாமியாரின் காலடியில் படுத்துக்கொள்வான்.

மகளின் தோழி ஒருத்தி, தாய்ப்பூனை வண்டியில் அடிபட்டு இறந்துபோன இரண்டு குட்டிகளை எடுத்து வளர்க்கிறாள். இப்போது மூன்று மாதக் குட்டிகள். ஒன்றுக்குக் கண் அழுகி, அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு முன் ரத்தம் பார்த்ததில் இரண்டுக்கும் 'பூனை லுக்கீமியா வைரஸ்' என்று வந்திருக்கிறது. தோழியின் வீட்டில் வேறு ஆறு பூனைகள். ஒரு மாதத்துக்குள் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மகள் ஒற்றைக் கண் குட்டிக்கு முத்து என்றும் மற்றதுக்குச் சிப்பி என்றும் பெயர் வைத்துவிட்டாள்.

"டாக்டர், மகள் அழுகிறாள், கணவர் முறைக்கிறார். என் நாத்தனார், பூனையின் ரத்தப்புற்று மாமியாருக்கு ஏறிவிடும் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, கீழாநெல்லிச் சாறு கொடுத்தால் பத்து நாளில் சரியாகும் என்கிறார். கணவர், எடுத்துவந்து வாடியில் விட்டால் மீன் கழிவைத் தின்று அதுபாட்டுக்குப் பிழைத்துக்கொள்ளும் என்கிறார். மணியனுக்குப் போன வருடம் முகாமில் முத்தடுப்பூசி போட்டாயிற்று, அதனால் அவனுக்குப் பயமில்லை. நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரி,

குட்டிகளைக் கொண்டுவரலாமா என்று நீங்கள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்களைத் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் முழுதாகச் சாத்திக்கொள்கிற அறை ஒன்று இருக்கிறதா? கடிதத்தின் ஆறாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு போகும்போது, கொல்லைப்புறத்தில் வலை போட்டுவைக்கும் கான்கிரீட் அறை ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தப் பதிலை எழுதும் தைரியம் வந்தது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் உங்களைச் சுற்றியிருப்பவர்கள் சொன்னதில் எது சரி, எது தவறு என்று பார்த்துவிடுவோம்.

பெயரால் வந்த பயம்

லுக்கீமியா என்றால் ரத்தப்புற்று. பாதிப் பயம் அந்தப் பெயரால் வந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், ஒரே வீட்டில் வளர்ந்த பூனைகளுக்கு அடுத்தடுத்துப் புற்றுக்கட்டி வந்ததைக் கவனித்த வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் 1964இல் இந்த வைரஸைக் கண்டறிந்தார்கள். அதனால் புற்றின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இந்த வைரஸ் வந்த பூனைகளில் பல, புற்றால் சாவதில்லை. ரத்தசோகையாலும், எதிர்ப்புச்சக்தி குறைந்து வேறு கிருமிகள் ஏறுவதாலும் சாகின்றன.

இது மனிதருக்குத் தொற்றாது. நாய்க்கும் தொற்றாது. கண்டுபிடித்து அறுபது ஆண்டுகளாகியும், பூனையிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் வந்ததாக ஒரு சான்றும் இல்லை. உங்கள் மாமியாருக்கு வந்த புற்றுக்கும் பூனைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நாத்தனாரிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம். மாமியார் விஷயத்தில் வேறு எச்சரிக்கைகள் இருக்கின்றன. அவற்றைத் தனியாகச் சொல்கிறேன்.

பூனைக்குப் பூனை எப்படிப் பரவுகிறது? முக்கியமாக எச்சில் வழியாக. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, ஒரே தட்டில் தின்பது, தண்ணீர்க் கிண்ணத்தைப் பகிர்வது, கடிப்பது. தாயிடமிருந்து வயிற்றிலேயோ பாலிலேயோ குட்டிக்கும் வரும். முத்துவுக்கும் சிப்பிக்கும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். பிரியமாகப் பழகும் பூனைகளுக்குள்தான் அதிகம் பரவும் என்பதால் இதை 'நட்பு நோய்' என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் வலுவற்றது. உலர்ந்த தரையில் சில மணி நேரம்கூடத் தாங்காது; சோப்புத் தண்ணீரிலேயே செத்துவிடும். ஆகவே உங்கள் சேலையில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் பரவும் என்று அஞ்ச வேண்டாம்.

கீழாநெல்லி விஷயம்: அந்த அக்காவின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வைரஸ் பூனையின் உயிரணுவுக்குள் புகுந்து, அதன் மரபுப்பொருளோடு தன்னுடையதையும் சேர்த்துக்கொள்கிற வகை. அப்படிச் சேர்ந்ததைப் பிரித்தெடுக்கச் சாறும் இல்லை, ஆங்கில மருந்தும் இல்லை. பத்து நாளில் சரியாயிற்று என்று யாராவது சொன்னால், அந்தப் பூனைக்கு முதலிலேயே வேறு ஏதோ இருந்திருக்கும்.

இரண்டு கோடு சொன்னதும் சொல்லாததும்

மகள் அனுப்பிய பரிசோதனைக் கருவியின் படத்தை நீங்களும் இணைத்திருந்தீர்கள். கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் போலவே இருக்கிறது என்று கணவர் கேலி செய்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேலி என்றாலும் பொருத்தமான ஒப்புமைதான். இரண்டு கோடு என்றால் ரத்தத்தில் வைரஸின் புரதம் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு முறை பார்த்த இரண்டு கோட்டை வைத்து ஆயுள் கணக்குப் போடக் கூடாது.

ஏனென்றால் இந்த வைரஸ் நுழைந்த எல்லாப் பூனைகளும் ஒரே வழியில் போவதில்லை. சிலவற்றின் உடம்பு ஆரம்பத்திலேயே விரட்டிவிடுகிறது. சிலவற்றில் கிருமி ரத்தத்திலிருந்து மறைந்து, எலும்பு மஜ்ஜையில் பதுங்கிக்கொள்கிறது. அந்தப் பூனை பெரும்பாலும் நலமாக இருக்கும், மற்றவற்றுக்குப் பரப்புவதும் அரிது, ஆனால் உடம்பு மிகவும் நொந்தால் கிருமி திரும்பவும் தலைதூக்கலாம். மூன்றாவது வகையில் தொற்று நிலைத்துவிடுகிறது. அந்தப் பூனைகளில் பெரும்பாலானவை மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன. குட்டியிலேயே தொற்றியவை இந்த மூன்றாவது வகையில் விழ வாய்ப்பு அதிகம். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை; உங்கள் மகளும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். விதிவிலக்காகப் பல ஆண்டு வாழ்ந்தவையும் உண்டு.

எனவே முதல் பரிசோதனையிலிருந்து ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் அதோடு, வைரஸின் மரபுப்பொருளையே தேடிப் பார்க்கும் பிசிஆர் பரிசோதனைக்கும் ரத்தம் அனுப்பச் சொல்லுங்கள். மதுரையில் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, நீங்கள் கேட்காதது: தோழியின் வீட்டில் இருக்கும் ஆறு பூனைகளோடு இந்தக் குட்டிகள் ஒரே தட்டில் தின்றிருந்தால் அந்த ஆறுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். இப்போது பார்த்து 'இல்லை' என்று வந்தாலும், கடைசியாகப் பழகிய நாளிலிருந்து குறைந்தது 30 நாள், முடிந்தால் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நிச்சயம். குட்டிகளை வெளியேற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முத்துவின் கண்ணைப் பற்றி நீங்கள் நிறையக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது இருப்பதிலேயே சின்ன விஷயம். குட்டிப் பருவத்தில் வரும் பூனைச் சளியால், பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸால், கண் புண்ணாகிப் போவது நம் ஊரில் சாதாரணம். ஒற்றைக் கண்ணோடு பூனை நன்றாக வாழும். தாவும்போது சில நாள் தூரம் தவறும், பிறகு மீசையாலும் காதாலும் கணக்குப் போட்டுக்கொள்ளும். மிச்சமிருக்கும் கண்ணில் நீர் வடிந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

மணியனின் ரத்தம்

இப்போது உங்கள் கடிதத்தில் இருந்த பெரிய தவறுக்கு வருகிறேன். மணியனுக்குப் போட்ட முத்தடுப்பூசி இந்த நோய்க்கானது அல்ல. அது பூனைச் சளியை உண்டாக்கும் ஹெர்பிஸ், கலிசி ஆகிய இரண்டு வைரஸ்களுக்கும், பன்லூகோபீனியா என்ற மூன்றாவதுக்கும் எதிரானது. பன்லூகோபீனியா, லுக்கீமியா இரண்டு பெயரிலும் 'லூகோ', 'லுக்' என்று வருவதால் படித்தவர்களே குழம்புகிறார்கள். முன்னது வாந்தி பேதியில் சில நாளில் குட்டிகளைக் கொல்வது. பின்னது மாதக்கணக்கில் உள்ளேயிருந்து அரிப்பது. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றதைத் தடுக்காது. லுக்கீமியா வைரஸுக்கென்று தனித் தடுப்பூசி உலகில் உண்டு. மணியனுக்குப் போட்டது அது இல்லை.

வளர்ந்த பூனைக்குக் குட்டியைவிட எதிர்ப்பு அதிகம் என்பது உண்மை. ஆனாலும் மாதக்கணக்கில் ஒரே தட்டில் தின்றால் அதற்கும் தொற்றலாம். உங்கள் வீட்டில் முதல் உரிமை மணியனுக்கு. அவனாகத் தேடி வந்து ஐந்து வருடம் உங்களை நம்பியிருக்கிறான். புதிதாக வரும் இரண்டு உயிர்களின் மீதான இரக்கத்துக்கு அவன் விலை கொடுக்கக் கூடாது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மணியன் விதைநீக்கம் செய்யாத கடுவன், வாடியில் திரிகிறவன். காதோரம் கிழிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் சண்டைக்காரன். அவனுக்கே இந்த வைரஸோ, கடியால் பரவும் பூனை எய்ட்ஸ் வைரஸோ ஏற்கெனவே இருக்கலாம். ஆகவே குட்டிகளைப் பற்றி முடிவெடுக்கும் முன் முதலில் மணியனைக் கூட்டிப்போங்கள். பெரும்பாலும் ஒரே கருவி இரண்டு வைரஸையும் காட்டும். போகும் மருத்துவமனையில் கருவி இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள். கடுவன் பூனையைக் கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோய்த் திரும்புவது சாமானியமில்லை. அதே பயணத்தில் விதைநீக்கத்துக்கும் நாள் வாங்கிவிடுங்கள்.

மணியனுக்கு லுக்கீமியா இல்லை என்று வந்தால், வாழ்நாள் முழுக்க அவனும் குட்டிகளும் தனித்தனி. இருக்கிறது என்று வந்து, மறுபரிசோதனையிலும் உறுதியானால், வருத்தமான செய்திதான். ஆனால் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். தொற்றுள்ளதோடு தொற்றுள்ளது சேர்ந்திருப்பதில் புதிய ஆபத்து பெரிதாக இல்லை. அப்போது வாடிக்குப் போவதை அவன் நிறுத்தியாக வேண்டும்.

மாமியாரும் பூனையும்

லுக்கீமியா வைரஸ் அவருக்கு வராது என்று சொன்னேன். ஆனால் கீமோ நடக்கும்போது வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நிலையில் எந்தப் பூனையிடமிருந்தும், மணியனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சில வேறு கிருமிகள் அவருக்குத் தொல்லை தரலாம். மலத்தின் வழி வரும் டாக்சோபிளாஸ்மா, தெள்ளுப்பூச்சியின் எச்சம் நகத்தில் ஒட்டிக் கீறலில் இறங்கும் பார்டனெல்லா, பேதிக் கிருமிகள். லுக்கீமியா உள்ள குட்டி தானே எதிர்ப்புச்சக்தி குறைந்தது என்பதால் இப்படிப்பட்ட கிருமிகளைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல்.

ஆகவே அவர் பூனையின் மணல்தட்டைத் தொடக் கூடாது. நகம் கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டாக்சோபிளாஸ்மா முட்டைகள் மலத்தில் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும் நிலையை அடைகின்றன. ஆகவே தினமும் தவறாமல் தட்டைச் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அந்த வேலையை உங்கள் மகன் செய்யட்டும். பிளஸ் டூ படிப்பு ஐந்து நிமிடத்தில் கெட்டுவிடாது. மாமியாருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். இதுவரை சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். மணியனைக் காலடியிலிருந்து விரட்டச் சொல்லவில்லை. கீமோ போட்டுத் திரும்பும் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் அவன் திண்ணையில் படுக்கட்டும்.

வெறிநோய்த் தடுப்பூசி எல்லாப் பூனைக்கும் கட்டாயம். குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டதால் இப்போதே போடலாம். எந்தப் பூனை கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று நிற்காதீர்கள்.

வலை அறை

இனி அந்த அறைக்கு வருவோம். தொற்றுள்ள குட்டிகள் ஆயுள் முழுக்க வெளியே போகக் கூடாது. ஊர்ப் பூனைகளுக்குப் பரப்பாமல் இருக்கவும் அதுதான் வழி, ஊர்க்கிருமிகள் இவற்றுக்கு ஏறாமல் இருக்கவும் அதுதான் வழி. ஓட்டு வீட்டில் இது முடியாது. சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு குட்டி இரண்டாம் நாளே வெளியே நிற்கும். கான்கிரீட் அறை என்றால் முடியும். ஒரு ஜன்னல், ஒரு கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். போதும்.

ஜன்னலுக்குப் பழைய வலையைக் கட்டிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வீட்டில் சும்மா கிடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நைலான் வலைக் கண்ணியில் கழுத்தை நுழைத்து, திருகி, விடிவதற்குள் தொங்கிப்போன குட்டியை நான் என் மேசையில் வைத்து அறுத்தெடுத்திருக்கிறேன். கோழிக்கூண்டுக்குப் போடும் பற்றவைத்த கம்பிவலையை வாங்கிச் சட்டம் அடியுங்கள். அறையில் இருக்கும் வலைகள், தூண்டில் முள், ஈயக்குண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தூண்டில் முள்ளில் மீன் வாசம் இருக்கும். அதை விழுங்கிய பூனையைக் காப்பாற்ற வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கும்.

மலம் கழிக்கத் தட்டில் கடற்கரை மணலைச் சலித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் போடுங்கள்; காசு கொடுத்து வாங்கும் மணலைவிடக் குட்டிகளுக்கு அது பிடிக்கும். காயும்போது ஊர்ப் பூனைகள் அசுத்தம் செய்யாமல் மூடிவையுங்கள். அள்ளியதை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.

தரையை ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். அதன் நச்சை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. பாதத்தில் பட்டதை நக்கியே அது உடம்பில் ஏறும். சோப்புத் தண்ணீரும், நன்றாகக் கரைத்த பிளீச்சிங் பவுடர் தண்ணீரும் போதும். பிறகு வெறும் தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். இதே கல்லீரல் காரணத்தால்தான், காய்ச்சல் வந்தால் அரை பாரசிட்டமால் கொடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: கால் மாத்திரைகூடக் கூடாது. ஒரே மாத்திரையில் பூனை செத்துவிடும். ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறிச் சாகும். வீட்டில் மாமியாருக்காக வாங்கிய மாத்திரைகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும். நாய்க்குப் போடும் தெள்ளு மருந்தையும் பூனைக்குப் போடாதீர்கள்.

மணியனைத் தொட்டுக் கொஞ்சி, அவன் தட்டைக் கழுவிவிட்டுப் பிறகு குட்டிகளிடம் போங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. திரும்பும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டும் கிண்ணமும் தனித்தனி.

தீனிக்கு உங்கள் ஊரில் பஞ்சமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காரலும் சூடையும் தினமும் கிடைக்கிறது, சரி. ஆனால் பச்சையாகக் கொடுக்காதீர்கள். எதிர்ப்புச்சக்தி குறைந்த குட்டிக்குப் பச்சை மீனின் கிருமியே போதும். தவிர, சாளை, நெத்திலி இனத்து மீன்கள் சிலவற்றில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் பொருள் பச்சையில் இருக்கிறது, தொடர்ந்து தின்றால் கழுத்து வளைந்து வலிப்பு வரும். வேகவைத்தால் அது அழிந்துவிடும். உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். மீன் மட்டுமே கொடுத்து வளர்த்தாலும் சத்துக் குறையும். கோழி, முட்டை, குட்டிகளுக்கான உலர் தீனி கலந்து கொடுங்கள். கருவாடு வேண்டவே வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும்.

வாரம் ஒருமுறை ஈறைப் பாருங்கள். குட்டியை மடியில் வைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கினால் பல்லுக்கு மேலே தெரியும். சங்கின் வாய்க்குள் தெரியும் இளஞ்சிவப்பு இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. அதேபோல அது தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்குள் இருந்தால் சரி. நாற்பதைத் தாண்டினால் நெஞ்சுக்குள் கட்டியோ நீரோ இருக்கலாம். இளம் பூனைகளில் இந்த வைரஸ் கட்டியை அங்கே கொண்டுவருவதுண்டு. எடை குறைவது, ஈறு புண்ணாகித் தின்ன மறுப்பது, ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் பேதி, இவையும் தாமதிக்கக் கூடாதவை. சாதாரணப் பூனைக்கு 'இரண்டு நாள் பார்ப்போம்' என்று நான் சொல்வேன். இவற்றுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆறு மாதத்துக்குள் இரண்டுக்கும் கருத்தடை. முத்தும் சிப்பியும் கடுவனா பெட்டையா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் இது தேவை.

வாடியில் விடுவது

உங்கள் கணவர் கொடுமைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. வாடியில் கொழுத்த பூனைகளைத் தினமும் பார்க்கிறவர், அதனால் அப்படிச் சொல்கிறார். கொழுக்காதவை அவர் கண்ணில் படுவதில்லை. இந்தக் குட்டிகளுக்கு அங்கே சில வாரம்தான் கெடு; அதற்குள் ஊர்க் குட்டிகள் பத்துக்குத் தொற்றைக் கொடுத்துவிட்டுத்தான் சாகும். அங்கே திரிகிற மணியனுக்கும் சேர்த்து.

சட்டமும் இதை ஏற்பதில்லை. பட்டினியோ தாகமோ வரும் நிலையில் விலங்கை நியாயமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். பழைய காலத்துத் தொகை; இன்றைக்கு அந்தக் காசுக்கு ஒரு கூறு சூடைகூட வராது. அபராதத்துக்குப் பயந்து யாரும் எதையும் செய்யாமல் இருக்கப் போவதில்லை, நானும் பயமுறுத்தச் சொல்லவில்லை. குற்றம் என்று தெரிந்திருக்கட்டும்.

நோய் இருக்கிறது என்ற காரணத்துக்காகவே ஊசி போட்டு முடித்துவிடலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது தேவையில்லை, தின்று, விளையாடி, தூங்கும் குட்டிகள் அவை. மூச்சுக்கு ஏங்கி, தின்ன முடியாமல், மருந்தும் பிடிக்காத ஒரு நாள் வரலாம். அன்றைக்கு அதைக் கேளுங்கள், தகுதியுள்ள கால்நடை மருத்துவரிடம் மட்டும். மயக்கம் கொடுத்து, வலியில்லாமல் செய்வார்கள்.

எப்போது

நீங்கள் பங்குனியில் எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். உங்கள் வீட்டில் வருமானம் சுருங்கும் மாதங்கள் அவை. மாமியாரின் மூன்று தவணைக் கீமோவும் கிட்டத்தட்ட அதற்குள் முடியும். மூன்று மாதக் குட்டிகளுக்கு முதல் ஆண்டில் பரிசோதனை, தடுப்பூசி, கருத்தடை, குடற்புழு மருந்து என்று செலவு வரிசையாக வரும், எதிர்பாராத மருத்துவமனைச் செலவு தனி. கணவரின் முறைப்புக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அவர் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவுமில்லை.

என் யோசனை: ஆனி பிறக்கட்டும். படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியிருக்கும், மாமியாரின் ரத்த எண்ணிக்கையும் தேறத் தொடங்கியிருக்கும், குட்டிகளின் மறுபரிசோதனை முடிந்திருக்கும், மணியனின் முடிவும் கையில் இருக்கும். தடைக்காலத்தில் கணவர் கரையில்தான் இருப்பார். கம்பிவலைச் சட்டம் அடிக்க அதைவிட நல்ல சமயம் இல்லை. அவர் கையாலேயே அடித்த அறைக்குள் வரும் குட்டிகளை அவர் பிறகு முறைக்க மாட்டார் என்பது என் அனுபவம்.

அதுவரை தோழியின் வீட்டில் தனி அறையிலோ பெரிய கூண்டிலோ வைத்திருக்க முடியுமா என்று மகள் கேட்கட்டும். தீனிச் செலவை மகள் தன் கைக்காசிலிருந்து கொடுக்கட்டும். பெயர் வைத்தவளுக்கு அந்தப் பொறுப்பு உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் அங்கே முடியவே முடியாது என்றால், அறை தயாராக இருந்து, மாமியாரின் மருத்துவரும் சம்மதித்தால் முன்கூட்டிக் கொண்டுவரலாம். அந்தப் பக்கமே மாமியார் போகக் கூடாது. அறை தயாராகவில்லை, மணியனைப் பரிசோதிக்கவும் முடியவில்லை என்றால், வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். வேறு பூனை இல்லாத, ஜன்னலடைத்த ஓர் அடுக்ககம் மதுரையிலேயே கிடைத்தால் அது உங்கள் வீட்டைவிட நல்லது. அதையும் அவள் தேடட்டும். இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொடுக்க வேண்டும், பிரிக்கக் கூடாது.

கொண்டுவருவது என்று முடிவானால் பகல் வெயிலில் வேண்டாம், விடியற்காலையில் புறப்படச் சொல்லுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் கூடை, அடியில் பழைய துண்டு, புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பிருந்து தீனி இல்லை, தண்ணீர் மட்டும். வழியில் கத்தும், பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது இன்னும் கத்தும். பக்கத்து சீட்டுக்காரர்கள் பாவம் என்று திறக்கச் சொல்வார்கள். வீட்டு வாசலில் மணியன் உட்கார்ந்திருப்பான். அவனைத் தாண்டி நேரே கொல்லைக்குப் போய், வலை அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திய பிறகு கூடையைத் திறக்கச் சொல்லுங்கள்.